ஈரக் காலுறை

கல்லில் வெட்டியிருப்பது இது:
முன்செல்கிறோம். இயந்திரங்கள் நலம். தாயகத்துக்கு வணக்கம்.
பொன்பூசிய எழுத்து. த்வினா ஆற்றைப் பார்த்த முகம்.
மேலே மூன்று பேர் வெண்கலத்தில்,
மூவருக்கும் ஒரே தாடை.

அப்படி ஒரு தந்தி வரவில்லை.
வந்திருந்தால் வாங்கியிருக்க வேண்டியவள் நான்.

முப்பத்தெட்டாம் ஆண்டு, ஆகஸ்ட்.
முனை நிலையத்தில் நாங்கள் நால்வர், பதினோரு நாய்கள்,
எண்ணெய் தீர்ந்த விளக்கு ஒன்று. அது தேவைப்படவும் இல்லை,
இன்னும் இரவு வரத் தொடங்கவில்லை.
சிவப்பு இறக்கை விமானம் தலைக்கு மேல் போனபோது
நான் பார்க்கவில்லை. மேகம்.
சமையற்காரன் மட்டும் வெளியே ஓடி
சத்தம் வந்த திசைக்குக் கரண்டியை ஆட்டினான்.

பிறகு காதொலியில் ஸவேலி.
முகம் அறியேன். கை அறிவேன்.
தந்திக் கட்டையைத் தட்டுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை;
அவனுடையது, மாடிப்படி இறங்கும்போது
கடைசிப் படியில் கால் வைக்காமல் குதிக்கிற ஆளின் நடை.

எண்பத்து மூன்றாம் பாகை: வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
எண்பத்தைந்து: காந்த ஊசிக்குப் போதை ஏறிவிட்டது,
சூரியனைப் பிடித்துக்கொண்டு போகிறோம்.
எண்பத்தேழில், அலுவல் செய்தி முடிந்து
முடிந்ததற்கான குறியும் வந்த பிறகு,
கொஞ்சம் இடைவெளி. மறுபடி அந்தத் தாவல்:
தேநீர் குடுவையிலேயே உறைந்துவிட்டது.
இடக் காலுறை ஈரம்.
உங்கள் அடுப்பு எரிகிறதா?

எரிகிறது என்று தட்டினேன்.

போய்ச் சேர்ந்ததா, தெரியாது.
பதினாறு நாள் அதே அலைவரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
இரைச்சலிலும் நடை கேட்கும், கேட்க விரும்பினால்.
பனிப்பாளம் பாளத்தோடு உரசுவது,
நாய் சொறிந்துகொள்வது,
எல்லாமே ஒருமுறையாவது ஸவேலி ஆயிற்று.

கப்பலில் வந்தவர்கள் பதிவேட்டைக் கேட்டார்கள்.
பென்சிலில் எழுதியிருந்தேன்.
படித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.
அந்தப் பக்கம் அவரோடு போயிற்று.
திரும்பி வந்தது, கல்லாக.

அறுபத்தொன்றில் திரை விலக்கினார்கள்.
பித்தளை வாத்தியம், மழை, குடை பிடிக்கத் தடை.
பள்ளிப் பிள்ளைகள் கல்லின் வாசகத்தைக் கூட்டாகச் சொன்னார்கள்;
'நலம்' என்ற இடத்தில் ஒருத்தி தும்மினாள்.
மூன்றாம் வரிசையில் ஸவேலியின் அக்கா, கப்பிதோலினா.
சாயப் பட்டறையில் விடுப்பு வாங்கி வந்தவள்,
நகக்கண்ணில் நீலம்.
யாரோ என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.
நேரே வந்தாள்: கடைசியாக என்ன சொன்னான்?

நான் கல்லைப் பார்த்தேன்.
அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.

சிரித்தாள்.
மலர்வளையத்தோடு நின்ற அதிகாரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.
"இன்னொரு ஜோடி வை, வை என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்,
எடை கூடும் என்றான்!
ஒரு காலுறை கூடினால் துருவம் எத்தனை அடி தள்ளிப் போகுமாம், கேள்!"
பிறகு அதே வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.
எது சிரிப்பு, எது மற்றது என்று
இத்தனை பழகிய என் காதுக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

மறு ஆகஸ்டில் அஞ்சலில் ஒரு பொட்டலம்.
சாம்பல் கம்பளி, குதிகாலில் இரட்டைப் பின்னல்.
அங்கே வைத்துவிடு என்று ஒரு சீட்டு.
கார்னேஷன் பூக்களுக்கு நடுவே வைத்தேன்.
பூக்களைவிட அதிகமாக நனைந்தது.

செப்டம்பரில் அந்தப் பக்கம் போனேன்.
ஆற்றங்கரைக் காவலாளி அந்தீப், பெஞ்சில் உட்கார்ந்து
பூட்ஸிலிருந்து மணலை உதறிக்கொண்டிருந்தான்.
காலில் சாம்பல் கம்பளி.
என்னைக் கண்டதும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

இழுக்காதே என்றேன்.
கதகதப்பாக இருக்கிறதா?

குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பார்த்தான்.
இடது மட்டும் கொஞ்சம் பெரிசு, என்றான்.